ஜேக் செய்ததை நீ செய்யாதே

அன்புள்ள குமரனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ பார்க்கச் சொன்ன அத்தியாயத்தைப் பார்த்துவிட்டேன். 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 'தி விசிட்டர்'. 1995 அக்டோபரில் அமெரிக்காவில் ஒளிபரப்பானதாம். அப்போது நீ பிறக்கவே இல்லை. விண்வெளிக் கதை என்றால் துப்பாக்கியும் வெடியும்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். வந்ததோ மழை பெய்கிற இரவு, லூசியானாவில் ஒரு வீடு, தனியாக ஒரு கிழவர், கதவைத் தட்டுகிற ஓர் இளம்பெண். அவருடைய கதைகளை ஆசையாகப் படித்தவள். நாற்பதுகூட ஆகாத வயதில் ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று கேட்க வந்திருக்கிறாள்.

இதைப் பாருங்கள் அம்மா என்று சொன்ன அதே கடிதத்தில், ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் நான் சேர்த்தே படித்தேன்.

மகனுடைய பாசத்தைச் சொல்லும் கதை என்கிறாய். நான் தகப்பன் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கிழவர்தான் ஜேக்; அவர் சொல்வது தன் பழைய கதையை. பதினெட்டு வயது ஜேக் எழுத வேண்டும், வரவில்லை என்கிறான். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை காணக் கிடைக்கிற காட்சி, எழுத்து எங்கே ஓடிவிடப் போகிறது என்று அப்பா சிஸ்கோ அவனைக் கூட்டிப் போகிறார். கப்பலின் இயந்திர அறையில் விபத்து. மகன் கண்ணெதிரே மறைந்துவிடுகிறார். செத்தாரா என்றால் இல்லை, காலத்திலிருந்து கழன்றுவிட்டார். வருடக்கணக்கில் காணாமல் போய், திடீரென்று மகன் முன்னால் வந்து நிற்பார். சில நிமிடம்தான், மறுபடி இல்லை. மகனுக்கு இடையில் பாதி வாழ்க்கை ஓடியிருக்கும். அவருக்கு அது கண் இமைத்த நேரம்.

அதற்கு அவர்கள் சொல்கிற விஞ்ஞானக் காரணத்தை நம்ப நான் மெனக்கெடவில்லை. ஆனால் காலம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடாது என்பது கட்டுக்கதை இல்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்: வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் தரையில் இருப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோநொடி முந்தும், அதைத் திருத்தாவிட்டால் உன் போன் தப்பான தெருவைக் காட்டும். நார்வேக்கும் காரைக்குடிக்கும் நடுவில் எத்தனை மைக்ரோநொடியோ! ஒவ்வொரு முறை நீ வாசலில் வந்து நிற்கும்போதும், போனவன் வேறு வந்தவன் வேறு என்றுதான் எனக்குப் படும்.

ஒருமுறை சிஸ்கோ வந்து நிற்கும்போது ஜேக்குக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மனைவி கொரீனா, ஓவியர். அவனோ பெயர் வாங்கிய எழுத்தாளன். அந்தச் சில நிமிடத்தில் அப்பன் முகம் எப்படிப் பூரித்துப் போகிறது, பார்த்தாயா? அந்த மகிழ்ச்சியே அவருக்குப் போதுமாக இருந்தது. மகனுக்குத்தான் போதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, அப்பாவை மீட்கவென்று விஞ்ஞானம் படிக்க உட்கார்ந்துவிடுகிறான். கொரீனா போய்விடுகிறாள். கதை அதைச் சட்டென்று தாண்டிப் போகிறது. என்னால் தாண்ட முடியவில்லை. அவளை யார் கேட்டார்கள்?

நீ அந்தப் பெண்ணிடம் கேட்டாயா? பெயரெல்லாம் நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்.

ஐம்பது ஆண்டு கழித்துக் கிழவனாகிவிட்ட ஜேக், அப்பாவை எட்டிப் பிடிக்கிறான். சிஸ்கோ நன்றி சொல்வார் என்றுதானே எதிர்பார்ப்போம்? எனக்காக இவ்வளவு பாடுபட்டாயே என்று ஒரு வார்த்தை இல்லை. மனைவி எங்கே, எழுத்து என்ன ஆயிற்று என்பதெல்லாம் தெரிந்ததும் மனிதர் துடித்துப்போகிறார். என்னை விட்டுவிடு, நீ வாழ் என்று கெஞ்சுகிறார். பெரியவன் ஜேக்காக நடித்த டோனி டாட், தன்னை வளர்த்த அத்தையைப் பறிகொடுத்திருந்த சமயத்தில் இந்த வேடம் வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2024 நவம்பரில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைக் காலத்துக்கு வெளியே இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர் கயிறு தான்தான் என்று ஜேக் கண்டுபிடிக்கிறான். அவர் அருகில் இருக்கும்போது தன் உயிர் போனால், அவர் விபத்து நடந்த நொடிக்கே திரும்பிவிடுவார். அதனால் மருந்தைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். நீ அழுதிருப்பாய். எனக்குக் கோபம் வந்தது. பெற்றவர் சம்மதிக்கிற காரியமா அது? உங்களுக்காக மட்டுமில்லை, அன்றைக்கு இருந்த அந்தப் பையனுக்காகவும்தான் என்று அவன் சொன்னபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதே.

அப்பாவின் உயிர் பிரிந்தபோது நீ விமானத்தில் இருந்தாய். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பக்கத்தில் இருந்திருந்தாலும் அந்த இரவு அப்படித்தான் முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவள் சொல்கிறேன். அம்மாவைத் தனியாக விட முடியாது என்று எழுதுகிறாய். எனக்காக வருகிறாய் என்று நான் நம்பவில்லை. அவருக்காகத்தான் வரப் பார்க்கிறாய். நீ படிப்பை விட்டதால் திரும்பி வருகிற ஆளா அவர்?

எனக்கென்ன குறை? பென்ஷன் வருகிறது. மாலையில் நாலு பிள்ளைகள் கணக்குப் போட வருகிறார்கள். முழங்கால் வலிக்கிறது, நீ வந்தாலும் வலிக்கத்தான் செய்யும். இரவில் சில நேரம் வீடு பெரிதாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அதற்காக உன் முப்பது வயதை வாங்கி அங்கே நிரப்ப எனக்கு மனசில்லை.

அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, என் மகன் நார்வேயில் பனியாற்றை அளக்கிறான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். பனியாறு என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. ஐஸ் கம்பெனியா அண்ணே என்று கடைக்காரர் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார். அந்த அளவெடுப்பை நீ பாதியில் நிறுத்தினால் கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

உன் ஆராய்ச்சியில் எழுதி முடித்த அத்தியாயத்தை அனுப்பு. புரியாவிட்டாலும் கணக்குகளைச் சரிபார்த்துத் தருகிறேன். பொங்கலுக்கு வா, இரண்டு வாரம் இரு. டிக்கெட் எடுக்கும்போது திரும்பிப் போவதற்கும் சேர்த்தே எடு. தனித்தனியாக எடுத்தால் விலை கூடுதல் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

அன்புடன்,
அம்மா