முசுறு குடியிருக்கும் முந்திரித் தோப்புகளில் மருந்தடிப்பை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: ஓடைக்குத் தெற்கே, செம்மண் மேட்டு முந்திரி விவசாயிகள்

பெறுநர்: உயர்திரு தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள்

பொருள்: முந்திரி – பூக்கும் பருவத்தில் ட்ரோன் மூலம் மொத்தமாக மருந்தடித்தல் – முசுறு எறும்புக் கூடுகள் அழிதல் – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆடி மாதக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, ஐப்பசியில் நேரில் கொடுத்த மனு, கார்த்திகையில் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. ஓடைப் பாலம் தாண்டி இடது கைப்பக்கம் இறங்கும் மண்சாலையும், அது போய் முட்டும் மேடும் தாங்கள் ஆய்வுக்கு வந்துபோன இடம்தான் என்பதால் அடையாளம் எதுவும் எழுதவில்லை. தை பிறந்தால் பூ இறங்கும், பூ இறங்கினால் ட்ரோன் வரும். அதற்குள் இதைப் படித்துப் பார்க்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

1. மேட்டுத் தோப்பின் மரங்களில் முசுறு குடியிருக்கிறது. இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு அது விடும் நூலால் தைத்துப் பை போலக் கூடு கட்டும் அதே செவ்வெறும்புதான்.

2. முந்திரி அதற்குச் சும்மா இடம் கொடுக்கவில்லை. தளிர் இலையிலும் பூங்கொத்திலும் பிஞ்சிலும் பூவுக்கு வெளியே பொட்டுப் பொட்டாகத் தேன்சுரப்பிகள் உண்டு. பூவுக்குள் இருக்கும் தேன் தேனீக்கு. வெளியே சுரப்பது எறும்புக்கு. எங்கே இளசோ அங்கே சுரக்கும், எறும்பும் அங்கேயே சுற்றும். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி வந்து குத்துவதும் அதே இளசில்தான்.

3. தேயிலைக் கொசு பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மருந்தடிக்க வருகிறவர்களுக்குத் தெரிவதாகத் தெரியவில்லை, ஆகவே எழுதுகிறோம். முதுகில் குண்டூசி நட்டு வைத்தது போல ஒரு கொம்பு உள்ள பூச்சி அது. பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் சாறு உறிஞ்சும். குத்திய இடம் முதலில் நீர் கோத்தாற்போல் இருந்து, பிறகு கருத்து, தளிர் தீய்ந்து, பூங்கொத்து அப்படியே காய்ந்து நிற்கும். பிஞ்சு சுருங்கி உதிரும். கொசு தன் முட்டையைத் தளிரின் சதைக்குள் செருகி வைக்கிறது. வெளியே தெரிவது இரண்டு வெள்ளை மயிர் நுனி மட்டும், அதையும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். மேலே அடிக்கும் தொடுவிஷம் அந்த முட்டையைத் தொடாது. பறக்கிற கொசு பக்கத்து வேம்புக்கும் கொய்யாவுக்கும் போய்விடும். ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது அதைப் பிடித்துத் தின்ன முசுறு இருக்காது, ஏனென்றால் அதைத்தான் போன வாரமே கொன்றாயிற்று.

4. கொன்ற விதம். ட்ரோன் வந்தது காலை பத்து மணிக்கு மேல். முசுறு வேட்டைக்குக் கிளம்பி இலை இலையாகப் பரவியிருக்கும் நேரம் அது. முந்திரிப் பூ விரிந்து தேனீ இறங்கும் நேரமும் அதுவே. லாம்டா சைஹாலோத்ரின் என்ற அந்தப் பூச்சிமருந்து பட்ட எறும்பு பெரும்பாலும் மரத்திலேயே விழுந்துவிடும். விழாமல் கூட்டுக்குத் திரும்பியது வாய்க்கு வாய் இரை கொடுக்கும் வழக்கத்தில் உள்ளே இருப்பவற்றுக்கும் ஊட்டிவிடும். தீனி கொண்டுவர ஆளில்லாமல் புழுக்கள் சாகும். நூல் தளர்ந்து கூடு பழுத்துத் தொங்கும். ஒரு கூட்டம் என்பது ஒரு கூடு இல்லை ஐயா. பல மரங்களில் பரவிக் கிடக்கும் பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட கூடுகள் சேர்ந்தது ஒரு கூட்டம். பெரும்பாலும் அத்தனைக்கும் ராணி ஒன்றே, அது இருப்பதும் ஏதோ ஒரே கூட்டில். அந்த ஒரு கூட்டில் மருந்து பட்டால் போதும். ராணி போன பிறகு வேலைக்கார எறும்பு முட்டையிட்டாலும் அதில் ஆண்தான் பிறக்கும், வேலை செய்யப் பிறக்காது. மிச்சமிருப்பவை சில மாதம் மரத்தில் நடமாடும். "எறும்பு இருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று ஆய்வுக்கு வந்தவர் எழுதிக்கொண்டு போனது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். மழைக்காலத்தில் பறந்து இணைந்த புது ராணி தனியாக இலை மடிப்பில் உட்கார்ந்து முதல் குஞ்சுகளை வளர்த்து, அது பெருகி மரத்துக்கு மரம் பாலம் போட ஒன்றிரண்டு வருடம் ஆகும். நீங்களோ வருடா வருடம் தெளிக்கிறீர்கள். எப்போது பெருகும்?

5. முசுறு கடிக்கும் என்பது உண்மை, கடித்த இடத்தில் அமிலம் பீய்ச்சும் என்பதும் உண்மை. மாவுப் பூச்சியையும் செதில் பூச்சியையும் அது தேனுக்காக வளர்க்கும், மறைக்கவில்லை. தண்டு துளைப்பானை அதனால் தடுக்க முடியாது, மரத்துக்குள் இருக்கும் அந்தப் புழுவை உளி வைத்துத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் மாமரம் போல முந்திரியில் ஏறிப் பறிக்கும் வேலை கிடையாது. பழுத்துத் தானாக விழுந்ததைத் தரையில் பொறுக்குகிறோம். கடி வாங்கும் நாங்களே வேண்டும் என்கிறோம், கடி வாங்காத அலுவலகம் வேண்டாம் என்கிறது.

6. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்தக் கூட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிக் கட்டியதை ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய நூலே சொல்கிறது. இங்கே இலவசமாக இருப்பதை அரசுப் பணம் செலவழித்து அழிக்கிறோம்.

ஐயா, நாங்கள் மானியம் கேட்கவில்லை, நிவாரணமும் கேட்கவில்லை. செய்யாதீர்கள் என்றுதான் கேட்கிறோம், அதற்கு மூன்று மனு!

7. ஆகவே: முசுறு உள்ள மரங்களின் அடிமரத்தில் நாங்களே சுண்ணாம்புப் பட்டை அடித்து வைக்கிறோம். அவற்றையும், அவற்றோடு கிளை உரசும் மரங்களையும் தெளிப்பிலிருந்து விட்டுவிட வேண்டும். எறும்பில்லாத மரத்தில் கொசு கண்டால் கைத்தெளிப்பானால், அந்த மரத்துக்கு மட்டும், காற்று நின்ற சாயங்காலத்தில் அடிக்கட்டும். ஏழு நாள் முன்னதாக ஊர்ச் சாவடியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

8. அழிந்த இடங்களில் கூடு மாற்றிக் கட்ட அனுமதி வேண்டும். ஓடைக்கரைப் புறம்போக்கு மரங்களில் கூட்டம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் கிளையோடு வெட்டிக் கோணியில் கட்டி வரலாம். ஒரே கூட்டத்தின் கூடுகளாக இருக்க வேண்டும், இரண்டு கூட்டத்தைக் கலந்தால் அடித்துக்கொண்டு சாகும். ராணிக் கூடும் சேர வேண்டும். மரத்துக்கு மரம் கயிறு கட்டிவிட்டால் தானே நடந்து பரவும். கயிறும் ஆளும் எங்களுடையது. கையெழுத்து மட்டும் தங்களுடையது.

தை முதல் வாரத்துக்குள் ஒருமுறை, காலை பத்து மணிக்கு, மேட்டுக்கு வந்து பார்க்கும்படி மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். தெளிப்பை நிறுத்துங்கள். வர முடியாவிட்டாலும் தெளிப்பை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுத் தோப்பு முந்திரி விவசாயிகள்

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல் – 3. உலர்ந்த முசுறுக் கூடு – 1 (காகித உறையில் உள்ளது. உள்ளே உயிரோடு எதுவும் இல்லை, பயமின்றிப் பிரிக்கலாம்).