மருத்துவிச்சி மறுபடியும் எங்கள் படலையைத் திறக்கட்டும்

திருகோணமலை மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். எனக்கு 56 வயது. உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். மூன்று பிள்ளைகளைச் சுமந்த காலத்தில் எங்கள் மருத்துவிச்சி வெயிலிலும் மழையிலும் வீடு தேடி வருவார். பிறஷர் பார்ப்பார், இரும்புச்சத்துக் குளிசை போட்டேனா என்று கண்டிப்போடு கேட்பார். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதோடு அந்த வரவு நின்றது. அதற்குப் பிறகு என் உடம்பைப் பற்றிக் கேட்டு யாரும் படலையைத் திறக்கவில்லை.

47 வயதில் மாதவிடாய் தாறுமாறானது. நடு இரவில் நெஞ்சிலிருந்து முகம் வரை கொதிக்கும், சட்டை நனைந்துவிடும். நித்திரை இல்லை. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்குப் புத்தி பேதலிக்கப் போகிறதோ என்றுகூடப் பயந்தேன். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் குறைவதால் வருவது இது, வைத்தியமும் உண்டு என்று சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.

அக்காவின் கதை இதைவிடக் கடுமை. மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து அவருக்கு இரத்தம் பட்டது. காட்டிய இடத்தில், வயதானால் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் முழுதாக நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும், கருப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. எட்டு மாதம் வீணாய்ப் போனது. சத்திரசிகிச்சை செய்து அக்கா தப்பிவிட்டார். ஆனாலும் அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பதறும்.

1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயது தாண்டியவர்கள் போகலாம், காசு இல்லை. பிறஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் பாப் பரிசோதனையும் உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் திருக்கடலூரில் மீன் விற்கிற பெண் விடியமுன் கரைக்குப் போனால் மதியம்தான் வீடு திரும்புவாள். தம்பலகாமத்தில் அறுவடைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. கணவனை இழந்து தனியே குடும்பத்தை இழுக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் கேட்டால், "பிள்ளை பெறுகிற வயது போயிட்டுது, இனி எனக்கென்ன கிளினிக்?" என்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இருமினால், தும்மினால் சலம் கசிவதை எங்கள் பெண்கள் பல வருடம் ஒளித்து வைக்கிறார்கள். கோணேசர் கோயில் ஏற்றம் ஏறப் பயந்து, கலியாண வீட்டுக்குப் போகாமல், பஸ்ஸில் தூரப் பயணத்தை விட்டு, வீட்டுக்குள்ளேயே சுருங்கிப் போகிறார்கள். இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் பலருக்கு இது குறையும். இதற்காக அழுத ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளிடம் யாராவது பத்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம்.

எலும்புத் தேய்வும் அப்படித்தான். கிணற்றடியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்த பிறகுதான் தெரியவருகிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் குரக்கன் மாவும் கல்சியம் நிறைந்தவை, இரண்டும் எங்கள் சந்தையிலேயே இருக்கின்றன. அதையும் தினமும் நடப்பதையும் பற்றி 45 வயதிலேயே ஒருவர் சொன்னால் போதாதா?

ஆகவே நான் கேட்பது இதுதான். 45 வயதில் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் மருத்துவிச்சி ஒரு தடவை வரட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிளினிக் நடக்கட்டும். மூதூர், கிண்ணியா பெண்கள் பெண் வைத்தியரைத்தான் கேட்பார்கள், அதற்கும் வழி செய்யுங்கள். உங்களிடம் ஆட்கள் குறைவு, வேலை கூட என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

எங்கள் மாதர் சங்கக் கட்டடம் சனிக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. திறப்பு என்னிடம் இருக்கிறது. கட்டிலும் மறைப்புத் திரையும் நாங்கள் ஒழுங்கு செய்வோம், வீடு வீடாகப் போய்ப் பெண்களையும் கூட்டிவருவோம். எந்த நாள் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.