காபியை முன்னால் குடி, பாப்பா

ஒட்டன்சத்திரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.4. உன் வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீ சொன்னபோதே எனக்குள் உறுத்தியது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

எதோடு எதைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய். "வயிறு உப்புகிறது என்று மூன்று மாசமாக இதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், அப்படியும் ஏன் குறைகிறது?" என்று கேட்டிருந்தாய். சோற்றையும் பருப்பையும் ஒன்றாகச் சாப்பிட்டால் செரிக்காது என்று அதில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வில்லியம் ஹே என்ற டாக்டர் பரப்பிய யோசனை அது. நம் கணையம் மாவுக்கு ஒரு வேளை, புரதத்துக்கு ஒரு வேளை என்று சுரப்பதில்லை. மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்கும் நொதிகளை ஒரே நீரில் சேர்த்துத்தான் அனுப்புகிறது. பருப்பிலேயே மாவும் உண்டு, புரதமும் உண்டு, அதை எப்படிப் பிரிப்பது? அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் கிடைக்கிறது. பருப்பில் குறைவாக இருப்பதை அரிசி கொடுக்கிறது. பருப்புச் சோற்றைத் தாராளமாகச் சாப்பிடு.

மீனும் தயிரும் சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும் என்று உன் பாட்டியும் சொல்வாள். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பே அழிப்பதால்தான் அந்த வெள்ளை வருகிறது, மீனாலும் தயிராலும் இல்லை. உப்புசத்துக்குக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவை. கடலையில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்க நம் சிறுகுடலில் நொதி கிடையாது. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்கவைப்பதால்தான் காற்று சேர்கிறது. ஊறின தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும்.

ஆனால் சேரக்கூடாத ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது உன் பட்டியலில் இல்லை. டிபனோடு குடிக்கிறாயே, அந்தக் காபி.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். அப்போதெல்லாம் கர்ப்பிணிக்கு 100 மாத்திரை. ஐந்தாம் மாசம் கொடுத்தேன், ஏழாம் மாசம் பார்த்தால் ரத்தம் ஏறவே இல்லை. மாத்திரையைத் தூக்கி எறிகிறாள் என்று நினைத்து எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். மறுவாரம் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமியார் இட்லித் தட்டை வைத்தாள். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் கடுந்தேநீர். அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள், வாயில் போட்டாள், டீயை ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். "இரும்பு வாடை குமட்டுதுங்கம்மா, டீன்னா இறங்கிடுது" என்றாள். ஒரு நாள்கூட விட்டிருக்கவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் போடு என்று சொன்ன நான் எதோடு என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எலுமிச்சைத் தண்ணீருக்கு மாற்றினோம், ரத்தம் ஏற ஆரம்பித்தது.

நீயே செய்து பார்க்கலாம். ஒரு சத்து மாத்திரையைப் பொடித்துப் பால் சேர்க்காத டீயில் போடு, மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுதும் மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பு அன்னபேதியில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நம் மாத்திரையில் இருப்பதும் அதே அன்னபேதி உப்புதான். வயிற்றுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. டீ, காபியின் துவர்ப்பு கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், குடலால் சரியாக உறிஞ்ச முடியாது.

1983-ல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். மாட்டிறைச்சி பர்கரோடு காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. தேநீரோடு 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே அளவு நஷ்டம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தபோது மட்டும் ஒரு குறையும் இல்லை. இதைப் படித்தபோது உன் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். விடிய ஐந்தரைக்குக் காபி, ஏழரைக்கு டிபன், நடுவில் ஒன்றும் கிடையாது. நம் வீட்டில் அப்படித்தானே இருந்தது? நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் இரண்டும் ஒரே தட்டில் வந்து சேர்ந்தன.

அதனால் காபியை விடச் சொல்லவில்லை. எழுந்ததும் குடி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் டீ வேண்டாம். முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழி, கொதிக்கும்போது பிழிந்தால் அதிலிருக்கும் வைட்டமின் சி குறைந்துவிடும். அந்த வைட்டமின்தான் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். மீனோ கறியோ ஒரு துண்டு சேர்ந்தால் பருப்பில் இருக்கும் இரும்பும் கூடுதலாக ஏறும்.

டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பாலோடு போடாதே. கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதே. எத்தனையோ பேர் அங்கேதான் விட்டார்கள். அப்புறம், மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல். ரத்தம் அங்கே போய்க்கொண்டிருந்தால் இங்கே சாப்பிட்டுப் பயனில்லை. எண் 12-ஐத் தொட்டதும் மாத்திரையை விட்டுவிடாதே, உடம்பில் இரும்பின் இருப்பு நிறைய இன்னும் சில மாசம் வேண்டும்.

அப்பா இன்று பழனிப் பக்கம் போய் ஆயக்குடிக் கொய்யா வாங்கி வந்திருக்கிறார். பாதி காய்ப்பதமாகவே பார்த்து எடுத்தார், வழியில் கனிந்துவிடக் கூடாதே என்று. எதிர் வீட்டுத் தம்பி ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். மத்தியானம் சாப்பாட்டோடு ஒன்று. பையிலேயே கட்டி வைக்காமல் எடுத்துப் பரப்பி வை.

அன்புடன்,
அம்மா