சார்ஜரை மாட்டினால் திக்கும் லேப்டாப்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
அழைப்பிதழ், பிளக்ஸ் வடிவமைப்பாளர்,
சிம்மக்கல், மதுரை - 625001.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: சர்வீஸ் சென்டர் மாற்றிக் கொடுத்த குறைந்த வாட் சார்ஜரால் லேப்டாப் திரை திக்கித் திக்கி ஓடுவது, சரியான சார்ஜரும், வாங்கிய கட்டணமும் கேட்டல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேல மாசி வீதிக் கடையொன்றில் உங்கள் நிறுவனத்தின் லேப்டாப்பை வாங்கி, பிளக்ஸ், அழைப்பிதழ் வேலைகளுக்கு வைத்திருக்கிறேன். ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. வாங்கியபோது ஒரு குறையும் இல்லை. வாரண்டிக்குள்ளேயே சார்ஜர் செத்துப்போனது. மதுரையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் காசு வாங்காமல் புதுச் சார்ஜர் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அன்றிலிருந்து திரை திக்குகிறது. ஒரு விண்டோவைச் சுருக்கினால் வழுக்கிக்கொண்டு போய் டாஸ்க்பாரில் அடங்க வேண்டும். இது பாதி வழியில் நின்றுவிட்டுப் பட்டென்று காணாமல் போகிறது. ஆல்ட்-டேப் அழுத்தினால் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. வடிவமைப்பு மென்பொருளான கோரல் டிராவில் ஒரு போட்டோவைப் பிடித்து இழுத்தால் மவுஸ் அம்பு முன்னே போய்விடும், போட்டோ பின்னாலேயே தாவித் தாவி வரும்.

"இதெல்லாம் அழகுக்குத்தானே சார்" என்றார் உங்கள் டெக்னீஷியன். எங்கள் ஊர்த் தொழிலை அவர் பார்த்ததில்லை போலும். காதுகுத்து, வசந்த விழா பிளக்ஸுக்கு வருகிறவர்கள் ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார்கள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் வேலை வாங்குவார்கள். தாய்மாமன் படம் பெரிசாக வேண்டும், அவர் தலைக்கு மேலே தலைவர் படம், இந்த ஓரத்தில் பங்காளிகள், அந்த ஓரத்தில் சம்பந்தி வீடு என்று விரல் திரையை விட்டு இறங்காது. விரல் போகிற இடத்துக்குப் படமும் போக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மிசினு இப்பிடித் திக்குது? விடியக்குள்ள போர்டு கட்டணும்ண்ணே" என்று பென் டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். முகூர்த்த நாள் நெருக்கத்தில் ஒரு பிளக்ஸ் ஆர்டர் கைவிட்டுப் போவது என்னவென்று தொழில் செய்கிறவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் சென்டரில் முதலில் சொன்ன வைத்தியம், விண்டோஸில் விஷுவல் எஃபெக்ட்ஸ் எனும் திரை அலங்காரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வைப்பது. வைத்தார்கள். அனிமேஷன் போனது, எழுத்தின் ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி ஆனது, போட்டோ இழுக்கும்போது மட்டும் அதே திக்கல். அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டெஸ்க்டாப்பில் உள்ள ஒவ்வொரு விண்டோவையும் தனித்தனியாக வரைந்து, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் வேலையை நிறுத்தவே முடியாது. எஃபெக்ட்ஸை அணைத்தாலும் அது பின்னால் நடந்துகொண்டேதான் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு நொடியில் 60 படம், அதாவது ஒரு படத்துக்கு சுமார் 16.7 மில்லி செகண்டுதான் நேரம். அதற்குள் பிராசஸர் தன் பங்கை முடிக்காவிட்டால் அந்தப் படம் தவறிப்போகும், கண்ணுக்குத் திக்கலாகத் தெரியும். பிராசஸர் ஏன் தாமதிக்கிறது என்பதுதான் கேள்வி. அதை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது வெயில். "மதுரை வெயிலுக்கு எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் சார்." சித்திரை வெயிலைப் பற்றி மதுரைக்காரனுக்கே பாடம்! விடியற்காலையில் ஆன் செய்த கையோடு, ஃபேன் சுழலக்கூட ஆரம்பிக்காத நேரத்திலும் திக்கல் அப்படியே இருந்தது. இந்த வகைப் பிராசஸர்கள் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைப்பது பொதுவாக 100 டிகிரியை நெருங்கும்போதுதான். என்னுடையது 50 சொச்சத்தில் இருந்தது. பிறகு திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு என்றார்கள், ஃபார்மட் செய்தார்கள், அதற்குக் கட்டணமும் வாங்கினார்கள், ரசீது இருக்கிறது. டிரைவர் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். என்னுடையதில் ஃபார்மட்டுக்கு முன்பும் இன்டெல் கிராஃபிக்ஸ் பெயர் ஒழுங்காகவே இருந்தது.

இனி நானே பார்த்தது. கரண்ட் போன ஒரு மதியம் பேட்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது திக்கல் சுத்தமாக இல்லை. கரண்ட் வந்தது, திக்கலும் வந்தது. சாதாரணமாகப் பேட்டரியில்தான் லேப்டாப் மந்தமாகும், இது தலைகீழ். பிராசஸரின் வேகத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ஜரைப் பிடுங்கினேன், வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. மாட்டினேன், 0.78-க்கு விழுந்து அங்கேயே கிடந்தது. விண்டோஸ் மேல் பழி வரக்கூடாது என்று பென் டிரைவில் உபுண்டு என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தேன். அதிலும் சார்ஜர் மாட்டினால் திக்கல், எடுத்தால் இல்லை.

அதன் பிறகுதான் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தேன். இன்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 65 வாட். உங்கள் சென்டர் கொடுத்த சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர். அது 45 வாட். லேப்டாப்பில் சொருகும் பின் ஒரே மாதிரிதான், அடையாளம் உங்களுடையதுதான், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பின்னின் நடுவில் இருக்கும் ஊசி வழியாகச் சார்ஜர் தன் வாட் என்னவென்று லேப்டாப்புக்குச் சொல்லிவிடுகிறது. விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையிலும் ஏசி அடாப்டர் 45 வாட் என்றே காட்டுகிறது. சக்தி போதாத சார்ஜர் என்று தெரிந்ததும் அதற்குப் பளு ஏறாமலிருக்க லேப்டாப் தன் பிராசஸரைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பாதுகாப்பைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரிடமும் உங்கள் லேப்டாப்தான். அவருடைய 65 வாட் சார்ஜரை இரவல் வாங்கி மாட்டினேன். அந்த நிமிஷமே எல்லா எஃபெக்ட்ஸும் போட்ட நிலையில் விண்டோ வழுக்கிக்கொண்டு ஓடியது.

இது உங்கள் சென்டரில் ஏன் அகப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் போனில், "லேப்டாப்பை மட்டும் கொண்டுவாங்க சார், சார்ஜர் வேண்டாம்" என்பார்கள். அங்கே மேஜையில் அவர்களுடைய சார்ஜரை மாட்டிப் பார்ப்பார்கள். நன்றாகத்தான் ஓடும். ஜாப் ஷீட்டில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கடைக்கு வந்து என் சார்ஜரை மாட்டினால் பழைய கதை. கடைசியாகப் போனபோது, குறையே இல்லை என்று எழுதிய அதே கை, "மதர்போர்டு மாத்தினா சரியாயிரும்" என்று ஒரு எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்தது. நான் சரியென்று தலையாட்டியிருந்தால் நல்ல மதர்போர்டு ஒன்று கழன்றிருக்கும், 45 வாட் சார்ஜர் அப்படியே இருந்திருக்கும்.

ஆகவே, இந்த மாடலுக்கு உரிய 65 வாட் சார்ஜரைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் செய்த ஃபார்மட்டுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறான சார்ஜர் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் ஒரு வரி வேண்டும். வாரண்டி முடிந்த பின் பேட்டரியோ போர்டோ பழுதானால், வேறு சார்ஜர் போட்டீர்கள் என்று என் தலையில் கட்டாமலிருக்க அது எனக்குத் தேவை. சர்வீஸ் சென்டருக்கு நீங்கள் என்ன உத்தரவு போடுவீர்களோ, அது உங்கள் பாடு. என்றாலும் திரை திக்குகிறது என்று வருகிறவரிடம் சார்ஜரையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டு ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுப் போடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட்கள், ஃபார்மட் ரசீது, மதர்போர்டு எஸ்டிமேட், இரண்டு ஸ்டிக்கர்களின் போட்டோ, சார்ஜரை மாட்டியும் எடுத்தும் டாஸ்க் மேனேஜரைக் காட்டும் வீடியோ உள்ள பென் டிரைவ்.