சோடியம் ஒன்றும் வள்ளல் அல்ல

அன்பு மகளுக்கு,

பதினொன்றாம் வகுப்பில் வேதிப் பிணைப்பு நடத்தத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். "சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் ஆசையாய் வாங்கிக்கொள்கிறது" என்று நீ நடத்தியபோது, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் "அணுவுக்கு ஏன் டீச்சர் ஆசை வருகிறது?" என்று கேட்டதைப் போனில் சிரித்தபடி சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி.

சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள். எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமைந்திருக்கின்றன. கடைசி எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளி இருக்கிறது. உள்ளே உள்ள பத்தும் கருவின் ஈர்ப்பைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. அதனால் பிடி தளர்ந்திருக்கிறது, ஆனால் விட்டுப்போகவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போல அது தானாக எதையும் கொடுத்துவிடாது. ஒரு மோல், அதாவது கோடானுகோடி, சோடியம் அணுக்களிடமிருந்து அந்த எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது நமக்குக் கிடைப்பது 349 தான். ஆக, 147 கிலோஜூல் நஷ்டம். கடைசிக் கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்தால் நிலைத்தன்மை என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், இந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது?

படிகம்தான் ஈடுகட்டுகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியமும் அதைப் பெற்ற குளோரினும் எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகளாக நெருங்கி அடுக்கப்படும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. அந்த 147ஐயும், சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூற்றைப் பிளக்கவும் ஆகும் செலவையும் கழித்த பிறகும் 411 மிச்சம். உப்பு உண்டாவது இதனால்தான். இந்தக் கணக்கில் ஆசைக்கு இடமே இல்லை.

அந்த அடுக்கில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள். எது எதற்குச் சொந்தம் என்று பிரிக்க முடியாது. 1913இல் இயற்பியலர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களின் உதவியால் இதைக் கண்டு சொன்னார். உப்பில் தனித்த சோடியம் குளோரைடு மூலக்கூறே கிடையாது என்பதைப் பிரிட்டன் வேதியியலர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 1927இல்கூட 'நேச்சர்' இதழில் பொருமித் தீர்த்தார். பெரிய மேதைக்கே அவ்வளவு கஷ்டம் என்றால், உன் மாணவர்கள் திணறினால் கோபித்துக்கொள்ளாதே. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருப்பதும், சுத்தியலால் தட்டினால் வளையாமல் நொறுங்குவதும் இந்த அடுக்கிலிருந்தே வருகின்றன. ஓர் அடுக்கு நகர்ந்ததும் ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புக்கும் வேறு கதை தேவையில்லை. இரண்டு குளோரின் கருக்கள் நடுவிலுள்ள ஒரே எலக்ட்ரான் இணையை இழுக்கின்றன, அவ்வளவே. எட்டு நிறைய வேண்டும் என்கிற எண்ம விதியைச் சொல்லிக்கொடு, தேர்வுக்கு வேண்டும். ஆனால் போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள்தான் என்பதையும், எட்டு நிறைந்த செனான் வாயுவையே 1962இல் வேதியியலர் நீல் பார்ட்லெட் சேர்மமாக்கிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்.

அந்தப் பையனிடம் மெக்னீசியம் ஆக்சைடுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல். ஆக்சிஜனுக்குள் இரண்டாவது எலக்ட்ரானைத் திணிக்க ஆற்றல் செலவாகும் என்பதைக் கண்டதும் மறுபடி கேள்வி கேட்பான். நீ வகுப்பில் பதில் சொல்லத் திணறினால், அன்று மாலை எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா