கப்பலுக்கு வழங்கப்பட்ட நியம வாயுச் சிலிண்டர்கள் தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு 03.

ஐயா / அம்மணி,

எமது ஆய்வுக்கூடம் தங்கள் நிறுவனத்திடம் கொள்வனவு செய்த மூன்று காபனீரொட்சைட்டு நியம வாயுச் சிலிண்டர்களும் (கருவிகளைச் சரிபார்ப்பதற்கான, அளவு முன்கூட்டியே தெரிந்த வாயு) நாம் கேட்டவை அல்ல என்பதைத் தங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஏற்கெனவே அறிவித்திருந்தோம். “ஒரு வீதப் பிழை எந்தக் கருவிக்கும் போதுமானது” என்ற ஒற்றை வரிப் பதிலே அப்பிரிவிலிருந்து கிடைத்தது. அந்தப் பதிலை ஏற்க இயலாமையினாலேயே இதனை எழுத்தில் தருகின்றேன்.

இவ்வாயுக்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஆய்வுக் கப்பல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, நீர்மட்டத்துக்குச் சில மீற்றர் கீழிருந்து கடல்நீர் உறிஞ்சப்பட்டு, மூடிய கலனொன்றில் தூறலாகப் பாய்ச்சப்படுகிறது. கலனிலுள்ள வளி அந்நீருடன் சமநிலையடைந்ததும் உலர்த்தப்பட்டு, அதிலுள்ள காபனீரொட்சைட்டை அகச்சிவப்புக் கதிர்களால் அளக்கும் பகுப்பாய்விக்குச் செல்கிறது. புகைபோக்கியின் புகை எட்டாதபடி முன்னணியத்துக் கம்பத்திலிருந்து இழுக்கப்படும் வெளிவளியும் இடையிடையே அதே பகுப்பாய்விக்கே வருகிறது. பகுப்பாய்வியின் வாசிப்பு நாளடைவில் மெல்ல நகரும் என்பதால், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை நியம வாயுவைச் செலுத்தித் திருத்திக்கொள்கிறோம். படிக்கல்லே பிழையாக இருந்தால் தராசைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேற்பரப்புக் கடல்நீருக்கான ‘சொக்காட்’ என்னும் சர்வதேசத் தரவுத்தொகுதி, உயர்தர வகுப்பில் ஏற்கும் தரவுகளுக்கு 2 மைக்ரோ வளிமண்டல அமுக்கத்துக்கு (ஒரு வளிமண்டல அமுக்கத்தின் மில்லியனில் இரு பங்குக்கு) மேற்படாத பிழையையும், உலக வானிலை அமைப்பின் அளவுத்திட்டத்துடன் தொடர்புபடுத்தப்பட்ட, பூச்சியமல்லாத குறைந்தது இரு நியம வாயுக்களையும் எதிர்பார்க்கிறது. மில்லியனுக்கு 400 பங்கு என்று குறிக்கப்பட்ட சிலிண்டரில் ஒரு வீதப் பிழை என்றால் அதுவே 4 பங்கு; அனுமதிக்கப்பட்ட முழுப் பிழையின் இரு மடங்கு அந்த ஒரு சிலிண்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கடல்நீரின் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அதிலுள்ள காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 4.2 வீதம் உயர்கிறது என்பதனால், குழாய்வழியே வரும்போது நீர் சூடாவதைக்கூட 0.05 பாகைத் துல்லியத்தில் கண்காணிக்கிறோம். அவ்வளவு கவனமும் தங்கள் சிலிண்டரால் வீணாகியது.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. எமது கொள்வனவுக் கட்டளையில் காபனீரொட்சைட்டு இயற்கை வளியுடன் கலந்திருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருந்தோம். சிலிண்டரின் தோள்பகுதியில் ஒட்டப்பட்டிருந்த சிட்டையிலும் ‘வளி’ என்றே அச்சிடப்பட்டிருந்தது. கப்பல் புறப்பட்ட பின்னர் தபாலில் வந்த சான்றிதழின் இரண்டாம் பக்கத்திலோ, ‘மீதி: நைதரசன்’ என்றிருக்கிறது. இது சொல்லில் மட்டும் உள்ள வேறுபாடு அன்று. காபனீரொட்சைட்டு உறிஞ்சும் அலைநீளக் கோடுகளின் அகலம், அதனுடன் மோதும் ஏனைய மூலக்கூறுகளைப் பொறுத்தது; ஒட்சிசன் இல்லாத தனி நைதரசனில் அதே அளவு வாயு வேறொரு வாசிப்பைத் தரும். திரும்பி வந்ததும், எம்மிடம் எஞ்சியிருந்த பழைய நியம வாயுவுடன் ஒப்பிட்டபோது 400 எனக் குறித்த சிலிண்டர் 404க்கு மேல் காட்டியது. இதில் எவ்வளவு நிரப்பிய பிழை, எவ்வளவு நைதரசனால் வந்தது என்பதைப் பிரித்தறிய வழியில்லை; ஆகவே “கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்” என்ற தங்கள் பொறியியலாளரின் யோசனையும் பயன்தராது.

கடலையும் வளியையும் ஒரே வாயுவைக் கொண்டு அளப்பதால் பிழை ஒன்றையொன்று நீக்கிவிடும் என்றும் அவர் கூறினார். வித்தியாசத்தை மட்டும் வேண்டுபவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் தரவுத்தொகுதிக்கு நாம் அனுப்புவது கடல்நீரின் பெறுமானத்தையே. அதனைப் பிறர் தரை நிலையங்களின் வளி அளவீடுகளுடன் ஒப்பிட்டே கடல் உறிஞ்சும் அளவைக் கணிக்கின்றனர். அங்கே எமது பிழை நீங்காது. மேலும், மூன்று சிலிண்டர்களும் ஒரே திசையில் பிழை காட்டவுமில்லை.

சிலிண்டர்களுடன் வந்த, வாயுவின் அமுக்கத்தைக் குறைத்து வெளிவிடும் ரெகுலேற்றர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: துருப்பிடிக்காத உருக்கு மென்றகடு கேட்டோம், இறப்பர் மென்றகடு வந்தது.

சோளகக் காற்றுக் காலத்தில் தென்கரைக்கு அப்பால் ஆழத்திலிருந்து மேலெழும் காபன் செறிந்த நீரை அளப்பதே எமது அடுத்த பயணத்தின் நோக்கமாகும். அக்காலம் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். எனவே, இயற்கை வளியில் கலந்து, உலக வானிலை அமைப்பின் அளவுத்திட்டத்துடன் தொடர்புபடுத்திச் சான்றளிக்கப்பட்ட மூன்று சிலிண்டர்களையும் உரிய ரெகுலேற்றர்களையும் மே மாத நடுப்பகுதிக்குள் தங்கள் செலவிலேயே மாற்றித் தருமாறும், சான்றிதழ்களைச் சிலிண்டர்களுடனேயே ஒப்படைக்குமாறும் கோருகின்றேன். அது இயலாதெனில், சுங்கத் தீர்வை உட்பட முழுத் தொகையையும் மீளச் செலுத்துவதாக ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும். வேறொரு வழங்குநரை நாடுவதற்கு எமக்கு அதற்குமேல் அவகாசமில்லை. சிட்டையின் புகைப்படம், சான்றிதழ், கொள்வனவுக் கட்டளை, ஒப்பீட்டு வாசிப்புகள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
கருவிப் பொறுப்பாளர்,
கடல் இரசாயனவியல் ஆய்வுக்கூடம்,
கொழும்பு.