ஸ்டென்டுக்கு விலை கட்டினீர்கள், பலூனுக்கு?

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கு,

வணக்கம். போன மாதம் அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இதய ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை, நடந்தது. நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். மாடிப்படி மட்டும் ஏற விடுவதில்லை.

டிஸ்சார்ஜ் பில் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் ஸ்டென்ட் (ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) தனி வரியில் இருந்தது: கம்பெனி பெயர், பேட்ச் எண், விலை. அந்த வரி உங்கள் புண்ணியம். 2017-க்கு முன் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட்டார். 2016-ல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. 2017 பிப்ரவரியில் நீங்கள் 29,600 ரூபாய் என்று உச்ச விலை கட்டினீர்கள். இன்று அது கொஞ்சம் ஏறியிருந்தாலும் பழைய விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். அடைப்பை விரிக்கும் பலூன் இரண்டு, அதை உள்ளே வழிநடத்தும் கைடு வயர் இரண்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாய். எல்லாம் சேர்ந்து ஸ்டென்டின் விலையைத் தாண்டிவிட்டது. கவுன்ட்டரில் கேட்டேன். "அதெல்லாம் எம்ஆர்பிதான் மேடம்" என்று பெட்டியின் படத்தைக் காட்டினார் அந்தப் பையன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பொருட்களின் எம்ஆர்பி வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பதுதான் விதி. முதல் நாள் எவ்வளவு அச்சடிக்கலாம் என்று கேட்பார் இல்லை.

2018-ல் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைப் பிரித்துப் பார்த்து, சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போகிறது என்று எழுதியதும் நீங்கள்தானே?

உச்ச விலை வைத்தால் நல்ல மாடல்கள் வராது என்று கம்பெனிகள் சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். 2017-ல் சிலர் உயர்ரக ஸ்டென்ட்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டார்கள். ஆனால் இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2021-ல் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்கும், அப்புறம் பல்ஸ் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர் முதலான ஐந்துக்கும், கம்பெனி விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் லாபம் 70 சதவீதம்தான் என்று கட்டினீர்கள். கம்பெனியின் விலையில் நீங்கள் கை வைக்கவில்லை; இடையில் ஏறுவதை மட்டும் பிடித்தீர்கள்.

குளுக்கோமீட்டரையாவது நாலு கடை ஏறி விசாரித்து வாங்கலாம். ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் வாசலில் கையெழுத்துப் போடுகிறவள் எந்தக் கடைக்குப் போவாள்? பலூன், வயர், கதீட்டர், பேஸ்மேக்கர் ஆகியவற்றுக்கும் அதே 70 சதவீதக் கணக்கைக் கொண்டுவாருங்கள்.

பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். அப்பாவின் பெயரை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பில் கட்டிய மகள்